கீறலுக்குப் பிறகு நடப்பது

"நடிக்குது சார், நாம பயந்து போவணும்னே பண்ணுது." குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கமிருந்து, கையைக் கீறிக்கொண்ட பெண்ணை மருத்துவமனைக்குக் கூட்டிவரும் வீட்டார் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். வார்டிலும் சிலர் இதையே சொல்வதுதான் வேதனை. உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் புரளும் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறில் கையைக் கீறுவது பெரும்பாலும் தாங்கமுடியாத கொதிப்பைச் சில நிமிடமாவது அடக்கும் வழி. அடங்குவதால்தான் திரும்பவும் நடக்கிறது.

சட்டென்று பொங்கி மெதுவாக ஆறும் சுபாவம் பாதி, பிறவியோடு வருவது. "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று அடக்கியே வளர்ப்பது அதன்மேல் ஏறுகிறது. சிறுவயதுக் கொடுமை பலருக்கு உண்டு, எல்லோருக்கும் இல்லை. பெற்றோரைக் கூண்டில் ஏற்றி விசாரித்தால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

இந்தக் கோளாறு என்று சொல்ல 9 அறிகுறிகளில் 5 இருக்கவேண்டும், அதுவும் வருடக்கணக்கில். மிதமிஞ்சிய எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் பைபோலார் நோயில் மனநிலை நாட்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். இங்கே மணிக்கணக்கில் புரளும். இதைக் கேட்காமல் விட்டால் மாத்திரை ஒவ்வொன்றாகச் சேரும். இந்தக் கோளாறுக்கென்று தனி மருந்து கிடையாது. கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்குத் தரலாம். ஒரு தடவைக்கு ஒரு வாரத்துக்கான மாத்திரை மட்டும், அதுவும் வீட்டார் கையில்.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் வகுத்த டிபிடி என்ற பேச்சுச் சிகிச்சையில் வாரம் ஒரு தனிச் சந்திப்பு, ஒரு குழு வகுப்பு, இடையில் போன், ஏறத்தாழ ஒரு வருடம். ஷூ கம்பெனியில் லீவு கிடைக்காதவர்களுக்கு முதலில் விட்டுப்போவது குழு வகுப்புதான். அப்போதும் சங்கிலியை, அதாவது கீறலுக்கு முன்னும் பின்னும் நடந்ததை வரிசையாக எழுதுவதை, கைவிடக்கூடாது. ஒரே ஒரு கீறலை எடுத்துக்கொண்டு எழுத வேண்டும்: முந்தின இரவு தூங்கினாளா, சாப்பிட்டாளா, எத்தனை மணிக்கு ப்ளூ டிக் விழுந்தும் பதில் வரவில்லை, அப்போது என்ன நினைத்தாள், உடம்பில் என்ன உணர்ந்தாள், பிளேடு எங்கே இருந்தது. அதற்குப் பிறகு யார் என்ன செய்தார்கள் என்பதைத்தான் பலர் எழுதுவதில்லை. மூன்று நாளாக முகம் கொடுக்காத அப்பா அன்றைக்கு பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருப்பார். அந்தக் கவனிப்பும் அடுத்த கீறலுக்கு வழிவிடலாம்.

வேலூர் பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் தங்குவது 1950களிலிருந்தே உள்ள முறை. அப்படித் தங்கும் அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியது இது: காயத்துக்குக் கட்டுப் போடுங்கள், பேச்சைக் குறையுங்கள், அமைதியாக இருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். "கண்டுக்காதீங்க" என்று இதைப் புரிந்துகொண்டால் ஆபத்து. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் நேராகக் கேட்கத்தான் வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வராது.

சிகிச்சை தரும் பயிற்சி மருத்துவரின் போஸ்டிங் முடிவதைக் கடைசி நாளில் சொல்வது எந்த மருத்துவமனையிலும் நடக்கிற தப்பு. அந்த வாரமே புதுக் காயம் வரலாம். தேதியை மூன்று வாரம் முன்பே சொல்லி, அடுத்து வருபவரை ஒரு சந்திப்பிலாவது கூட உட்காரவைக்க வேண்டும்.