தடுப்புத் தீவுக் கேள்வி: மணலுக்குக் கீழே இருக்கும் சேற்றை விட்டுவிடாதீர்கள்

மதுரைப் பக்கம் ஜியாலஜியோ சிவிலோ படிப்பவர்கள் கண்ணில் படுவது யானைமலைப் பாறையும் திருமங்கலத்துக் கரிசலும்தான். அதனாலோ என்னவோ, தேர்வில் தடுப்புத் தீவு (கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் மணல் தீவு) ஏன் தாழ்கிறது, நகர்கிறது என்று கேள்வி வந்தால் அலை, மணல், கடல்மட்டம் என்று எழுதிவிட்டு அடியில் இருக்கும் சேற்றை விட்டுவிடுகிறார்கள்.

விடையை அந்தச் சேற்றிலிருந்து தொடங்குங்கள். மணலின் பாரம் ஏறியதும் களிமண்ணிலுள்ள நீர் மெல்லக் கசிந்து வெளியேறும், தீவு தாழும். தாழ்ந்த தீவின்மேல் புயல் அலை எளிதில் ஏறி, முன்கரை மணலைப் பின்னாலுள்ள காயலில் கொட்டும். இப்படித்தான் தீவு நிலத்தை நோக்கி நகர்கிறது. நகர்ந்து உட்காரும் இடமோ இதுவரை பாரமே காணாத சேறு. அமிழ்வு அங்கே புதிதாகத் தொடங்கும், மணலும் கூடுதலாகப் புதையும். பலர் தவறவிடுவது இந்தக் கண்ணியைத்தான்.

கணக்காகவும் கேட்கலாம். 4 மீட்டர் மணல், அதில் 1 மீட்டர் நீருக்கு மேல் என்று கொள்ளுங்கள். மேலிருக்கும் மணலின் எடை கன மீட்டருக்கு 17 கிலோநியூட்டன், நீருக்குள் மிதப்பு போக 9. பாரம் 17 + 27 = 44 கிலோபாஸ்கல். கீழே 6 மீட்டர் சேறு. அதன் நடு ஆழத்தில் சேற்றின் சொந்த எடையால் ஏற்கெனவே 15 கிலோபாஸ்கல். அமுக்கக் குறியெண் (சேறு எவ்வளவு அமுங்கும் என்பதன் அளவு) 0.8, வெற்றிட விகிதம் (திண்மத் துகளோடு ஒப்பிட்ட இடைவெளியின் அளவு) 2 என்றால், அமிழ்வு 0.8 × 6 ÷ (1 + 2) × 10 அடிமான மடக்கை (59 ÷ 15) = சுமார் 0.95 மீட்டர். தீவு ஏறக்குறைய மூழ்கிவிட்டது! நீருக்குள் இருக்கும் மணலுக்கும் 17 போட்டால் விடை 1.19 மீட்டருக்கு எகிறிவிடும். தாழத் தாழ மிதப்பு கூடிப் பாரம் குறைவதையும் சேர்த்தால் சுமார் 0.87. அதை ஒரு வரியில் சொன்னால் போதும்.

நேரக் கணக்கில் வடிகால் தூரத்தின் (நீர் வெளியேறக் கடக்கும் அதிகபட்சத் தூரம்) வர்க்கம் முக்கியம். இறுகல் கெழு (இறுகும் வேகத்தின் அளவு) ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்றால், இருபுறமும் நீர் வடியும் இதே அடுக்குக்கு வடிகால் தூரம் 3 மீட்டர். 90 சதவீதம் இறுகுவதற்கான நேரக் காரணி 0.848 என்பதால் 0.848 × 9, அதாவது 7.6 ஆண்டு, ஒருபுறம் மட்டும் வடிந்தால் தூரம் 6 மீட்டர், சுமார் 30.5 ஆண்டு.

எடுத்துக்காட்டுக்கு லூசியானாவின் மிசிசிப்பி டெல்டாவை எழுதுங்கள். ஆறு கைவிட்ட டெல்டா முனை முதலில் அரிக்கப்படும், பிறகு தீவு வளைவாகப் பிரியும், கடைசியில் ஷிப் ஷோல் போல நீருக்கடி மணல்திட்டாகும். பென்லாண்டும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் விவரித்த மூன்று கட்டங்கள் இவை.

பக்கத்தில் இருக்கிறதே என்று மன்னார் வளைகுடாத் தீவுகளை இங்கே இழுக்காதீர்கள். அவை பவளத் தீவுகள். அங்கே பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் மூழ்கியதற்குப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.