தம்பியின் ரிமாண்டும் அம்மாவின் சங்கிலியும்

போலீஸ் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று அம்மா போன் செய்தபோது நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் வேலையில் இருந்தேன். கிராண்ட் எனும் வண்டிப் பதிவுப் பத்திரம் இல்லாமல் மலிவாக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தான். அது திருட்டு மோட்டார். அவனுக்கு வயது 22. வாங்கியது தப்புதான், ஆனால் திருடியவன் அவன் இல்லை.

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது மலேசிய அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. அதனால் காலையிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு லெபோ லைட் கோர்ட்டுக்குப் போனேன். வழியில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்த கடையில் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "எனக்கு விசாரணை அதிகாரி ஐ.ஓ.வைத் தெரியும்மா. 1,500 கொடுங்க, இன்னிக்கே பையன் வெளியே வந்துடுவான்." அம்மாவின் கை கழுத்துச் சங்கிலிக்குப் போனது. நான் எழுந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்ட ஓர் இளம்பெண், கையில் பெயர்ப் பட்டியலோடு, "ரிமாண்டுக்கு வந்தவங்க குடும்பம் யாராவது இருக்கீங்களா?" என்று முதலில் மலாயிலும் அப்புறம் தமிழிலும் கேட்டுக்கொண்டே வந்தார். ஒய்.பி.ஜி.கே. வழக்கறிஞர். அதாவது 2012 முதல் அரசாங்கப் பணத்தில் நடக்கும் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் சார்பில் வந்தவர். எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டேன். "இதுக்குக் காசு இல்லைக்கா. மோட்டார் யாரிடம் வாங்கினான், அதைச் சொல்லுங்க" என்றார்.

தம்பியின் போன் போலீஸிடம் இருந்தது. ஆனால் வாங்குவதற்கு முன் அவன் மோட்டார் படத்தையும் விற்றவன் சொன்ன விலையையும் எனக்கு அனுப்பியிருந்தான். அதைக் காட்டினேன். தேதியைப் பெரிதாக்கிப் பார்த்து, பட்டியலின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். அடித்தார்களா, மருந்து ஏதும் சாப்பிடுகிறானா என்றும் கேட்டார். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

விசாரணைக்காகத் தம்பியைக் காவலில் வைக்க போலீஸ் நான்கு நாள் கேட்டது. இந்த மாதிரிக் குற்றத்துக்கு முதல் தடவை அதிகபட்சம் நான்கு நாள்தான், அடுத்த தடவை மூன்று. மோட்டாரும் கையில் இருக்கிறது, போனும் கையில் இருக்கிறது, இன்னும் நான்கு நாள் எதற்கு என்று வழக்கறிஞர் வாதாட, மஜிஸ்திரேட் இரண்டு நாள் கொடுத்தார். உள்ளே இருப்பவனுக்கு அந்த இரண்டு நாள் பெரிய வித்தியாசம். கடை முதலாளி அவனுக்காக வேலையை வைத்திருந்ததும் அதனால்தான்.

மூன்றாம் நாள் குற்றம் சாட்டினார்கள். ஜாமீன் 2,000 ரிங்கிட். காசைக் கோர்ட்டில் கட்டினால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. கோர்ட் கடிதத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், ஜாமீன் நிற்பவர் பெயரில் கணக்குத் திறந்து, பணத்தைப் போட்டு, அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கோர்ட்டிலேயே கொடுத்துவிட வேண்டியிருந்தது. கவுன்டர் மூடுவதற்குள் எல்லாம் முடிய வேண்டியிருந்தது. அன்று சங்கிலி நிஜமாகவே அடகுக்குப் போனது. வங்கியில் எண் வாங்கி உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரம், சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஜாமீன் நிற்கப் போகிறவர்கள் அடையாள அட்டையான ஐ.சி.யை எடுத்துக்கொண்டு காலையிலேயே தயாராக இருங்கள்.

வழக்கை நடத்த, பினாங்கு வழக்கறிஞர்களின் சட்ட உதவி மையத்தில் மனு கொடுத்தோம். நேர்காணல் செய்தவர் வழக்கறிஞராகப் பயிற்சி பெறும் சேம்பரிங் மாணவர். வருமானத்துக்கு ஆதாரம் கேட்டார். துப்புரவு வேலை செய்யும் அம்மாவுக்குச் சம்பளம் ரொக்கம், சிலிப் கிடையாது. சத்தியப் பிரமாணக் கடிதம் போதும் என்று அவரே வழி சொன்னார். எங்களுக்கு முன்னால் சம்பளம் கிடைக்காத ஒரு வங்காளதேசத் தொழிலாளி உட்கார்ந்திருந்தார். அறவாரியத்தின் உதவி குடிமக்களுக்குத்தான். அவரைப் போன்றவர்களுக்கு இந்த மையம்தான் கதி.

இதன் பின்னால் ஒரு குழு இருக்கிறது என்பது அங்கேதான் தெரிந்தது. தங்கள் சொந்த வழக்குகளுக்கு நடுவே கூடி, யார் எந்த நாள் கோர்ட்டில் நிற்பது, எந்தக் கோப்பு யாருக்கு என்று முடிவு செய்கிற வழக்கறிஞர்கள். நாட்டின் சட்ட உதவி மையங்களுக்காக ஒவ்வொரு வழக்கறிஞரும் வருடத்துக்கு 100 ரிங்கிட் கட்டுகிறார். எனக்கு அது மிகப் பெரிய விஷயமாகப் பட்டது. தேநீர்க் கடையில் பேச்சுக் கொடுத்தவர் 1,500 கேட்ட இடத்தில் இவர்கள் தங்கள் கைக்காசைப் போடுகிறார்கள். இப்படி ஓர் உதவி உண்டு என்பதைக் கோர்ட் வாசல்களில் தமிழில் எழுதி ஒட்டுங்கள் என்று அவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

எங்களுக்குக் கிடைத்த வழக்கறிஞர், என் போனிலிருந்த படத்தையும் சேர்த்து அரசுத் தரப்புக்கு மனு எழுதினார். நான்கு தடவை தேதி தள்ளிப்போனது. ஐந்தாவது தடவை குற்றச்சாட்டை மீட்டுக்கொண்டார்கள். முழு விடுதலை இல்லை, மறுபடியும் குற்றம் சாட்ட அவர்களுக்கு வழி உண்டு என்பதை அவர் தம்பிக்குத் தெளிவாகச் சொன்னார்.

வங்கிப் புத்தகம் கைக்கு வந்த அன்றே, மூன்று பேரும் கொம்தார் பக்கம் இருக்கும் அடகுக் கடைக்குப் போனோம்.