கடாரத்துக் கரையிலிருந்து பார்த்தால்

தென்கிழக்கு ஆசிய வரலாறு குறித்த இணையவழிப் பல்கலைக்கழகப் படிப்பு ஒன்றைச் சமீபத்தில் முடித்தேன். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். இந்தச் சான்றிதழால் சம்பளம் ஏறப்போவதில்லை, பதவி வரப்போவதில்லை. ஆனாலும் அண்மைக் காலத்தில் நான் செலவழித்த நேரத்திலேயே நல்லபடி போன நேரம் இதுதான். ஏன் என்று எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது.

மியான்மரில் தொடங்கி கிழக்குத் திமோர் வரை இன்றைய 11 நாடுகள், சுமார் 2,000 ஆண்டுகள். இவ்வளவையும் ஒரே படிப்பில் அடக்கினால் ராஜாக்களின் பெயர்ப் பட்டியலாகிவிடுமே என்று நினைத்தேன். முதல் பாடத்தில் ராஜாவும் இல்லை, போரும் இல்லை. காற்றைப் பற்றிய பாடம் அது.

ஆண்டின் நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று இந்தியப் பெருங்கடல் கப்பல்களை மலாக்கா நீரிணைப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். ஆண்டுக் கடைசியில் காற்று திசை மாறும். அப்போது சீனக் கப்பல்கள் தெற்கே இறங்கும். வந்தவர்கள் திரும்பிப் போகத் தோதான காற்று வரும்வரை, நீரிணையை ஒட்டிய ஏதாவது ஒரு துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர்களுக்குச் சோறு, தண்ணீர், கிடங்கு, கொள்ளையரிடமிருந்து பாதுகாப்பு எல்லாம் வேண்டும். அதை யார் கொடுக்கிறார்களோ அவர்கள் கையில் பணம் சேரும். 7-ஆம் நூற்றாண்டில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசும், 15-ஆம் நூற்றாண்டில் மலாய்த் தீபகற்பத்தின் மலாக்காவும் எழுந்து நின்றது இப்படித்தான்.

மலாக்காவைப் பற்றிய பாடத்தை இரண்டாவது தடவையும் பார்த்தேன். துறைமுகத்துக்கு நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள். குஜராத்தி வணிகர்களுக்கு என்றே ஒருவர், சீனர்களை உள்ளிட்ட கிழக்குக்கரை வணிகர்களுக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவுக்காரர்களுக்கு ஒருவர், நம் கடற்கரை வணிகர்களுக்கும் வங்காளத்தாருக்கும் பர்மாவின் பெகுக்காரர்களுக்கும் ஒருவர். மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு 6 சதவீத வரி. கிழக்கிலிருந்து வருபவர்கள் வரிக்குப் பதிலாகக் காணிக்கை செலுத்தினால் போதும். 1511-ல் போர்ச்சுகீசியர் பிடித்த பிறகு அங்கே இருந்த அவர்கள் நாட்டவர் தொமே பிரெஸ், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் கேட்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். யாரிடம் எவ்வளவு வசூலிப்பது, யாருக்கு விட்டுக்கொடுப்பது என்று இவ்வளவு நுணுக்கமாக யோசித்த ஒரு ஊரை, வரவுசெலவு பார்த்தே பிழைக்கும் எனக்குப் பிடிக்காமல் போகுமா?

படிக்கப் படிக்கப் பெயர்கள் குழம்ப ஆரம்பித்தன. அப்புறம் எனக்குத் தெரிந்த வழியிலேயே இறங்கினேன். எக்செல் தாளில் இடப்பக்கம் நூற்றாண்டுகள், மேலே பாகன் (இன்றைய மியான்மர்), அங்கோர் (இன்றைய கம்போடியா), தாய் நாடுகள், வியட்நாம், சுமத்ரா, ஜாவா என்று பத்திகள். ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் உரிய கட்டத்தில் ஒரே ஒரு வரி. பாடம் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே சொல்லிக்கொண்டு போகும். தாளை நான் குறுக்கே படித்தேன்.

13-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியை அப்படிக் குறுக்கே படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 1287: மங்கோலியரின் தாக்குதல்களுக்கு நடுவே பாகன் அரசர் சொந்த மகன் கையாலேயே சாகிறார், பேரரசு சிதறுகிறது. 1288: பாக் தாங் ஆற்றின் அடியில் கூர்மரங்களை நட்டு வைத்து, நீர் வடியும் நேரம் பார்த்து மங்கோலியக் கப்பல்களை வியட்நாமியர் சிக்கவைக்கிறார்கள். 1292 வாக்கில் மார்க்கோ போலோ சுமத்ராவில் காற்றுக்காக ஐந்து மாதம் காத்திருக்கிறார். 1293: மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் படை ஜாவாவில் இறங்குகிறது. ராடன் விஜயன் அதைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு எதிரியை ஒழிக்கிறான், கையோடு அந்தப் படையையே விரட்டிவிட்டு மஜாபாஹித் அரசை நிறுவுகிறான். 1296: இன்றைய தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய் நகரம் உருவாகிறது. அதே ஆண்டு சீனத் தூதுக்குழுவோடு அங்கோருக்கு வரும் ஜோ தாகுவான், அங்கே கடைத்தெருவில் வியாபாரம் செய்வதெல்லாம் பெண்கள்தான் என்று குறித்துக்கொள்கிறார்.

பத்தே ஆண்டுகளுக்குள் இத்தனையும்! தனித்தனி நாடுகளின் கதை என்று நான் படித்துக்கொண்டிருந்தது, ஒரே அதிர்வுக்கு ஆறு இடங்களில் ஆறு விதமாகக் கிடைத்த பதில். ஒரு நாட்டு வரலாற்றை மட்டும் படித்தால் இது கண்ணில் படாது. ஒரு வட்டாரத்தை மொத்தமாகப் படிப்பதில் என்ன லாபம் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு வரிசையைத்தான் காட்டுவேன்.

சரி, நம்மவர்கள் எல்லாரும் எதிர்பார்க்கும் இடத்துக்கு வருகிறேன். 1025, ராஜேந்திர சோழன், கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா). பள்ளியில் படித்த நாளிலிருந்து அந்த வட்டாரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததே அந்தக் கப்பற்படைதான். பாடத்தில் அதற்குக் கிடைத்தது சில நிமிடங்கள். முதலில் மனம் சுணங்கியது உண்மை. ஆனால் அதற்குள், கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜயம் எனக்குப் பழக்கமாகியிருந்தது. 671-ல் இந்தியாவுக்குப் போகிற வழியில் சீனத் துறவி யிஜிங் ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்த இடம் அது. ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டியதும் அந்த அரச வம்சம்தான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழன் கொடுத்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. அடுத்த தலைமுறையில் அதே வீட்டின் மீது படை. ஸ்ரீவிஜயத்தின் தலைநகரான பலெம்பாங்கில் நின்று பார்த்தால் அது நட்பு நாட்டிலிருந்து வந்த தாக்குதல். தஞ்சைக் கல்வெட்டு ஊர் ஊராக அடுக்கும் வெற்றிப் பட்டியல், அந்த ஊர்க்காரர்களுக்கு இழப்புப் பட்டியல். இதைச் சொன்னால் ராஜேந்திரன் பெருமை குறைந்துவிடாது. ஆனால் கடாரங்கொண்டான் வருவதற்கு முன்னும் கடாரத்துக்கு ஒரு கதை இருக்கிறது, பின்னும் இருக்கிறது. அது நமக்குத் தெரிய வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இறுதிக் கட்டுரைக்குப் பர்மாவின் ஐராவதி டெல்டாவை எடுத்துக்கொண்டேன். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. காட்டைத் திருத்தி வயலாக்க விவசாயிக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அவனுக்கு நேரடியாகக் கடன் கொடுக்காது. அந்த இடைவெளியில் நம் செட்டிநாட்டு நகரத்தார் போய் உட்கார்ந்தார்கள். நிலத்தை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்தார்கள். 1930-ல் நெல் விலை விழுந்தது, தவணை நின்றது, ஈடு மூழ்கியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்களுடைய நிலம், 1937-க்குள் ஏறக்குறைய 25 சதவீதமாயிற்று. லேவாதேவிக்காரர்கள் திட்டமிட்டுப் பறித்ததாக நான் எழுதவில்லை. அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். வந்தது விற்க முடியாத வயல். ஆனால் தன் வயலிலேயே குத்தகைக்காரனாக நின்ற பர்மிய விவசாயிக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரிந்திருக்கும்? 1930 டிசம்பரில் வெடித்த, சாயா சான் தலைமையிலான விவசாயிகள் கிளர்ச்சியை அந்த வயலில் நின்றுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

படிப்பில் ஒரு குறை உண்டு. 1945-க்குப் பிந்தியதெல்லாம் ஓட்டமாக ஓடியது. பாண்டுங் மாநாடு, இந்தோனேசியாவின் 1965 படுகொலைகள், வியட்நாம் போர், கம்போடியாவின் கெமர் ரூஜ் ஆட்சி எல்லாம் கடைசிச் சில பாடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. இத்தனை லட்சம் மனிதர்கள் செத்த கதைக்கு அந்த வேகம் ஆகாது. மலைப்பகுதி மக்களும் அங்கங்கே தலைகாட்டியதோடு சரி.

நீங்கள் இதுபோன்ற படிப்பில் சேர்ந்தால் காணொளியை ஓடவிட்டுக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பெயரில்லாத வரைபடம் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு, பாடத்தில் ஒரு ஊர் வரும்போதெல்லாம் புள்ளி வையுங்கள். தரப்படும் மூல ஆவணங்களைத் தவிர்க்காதீர்கள். கல்வெட்டுகளும் பயணக் குறிப்புகளும் பெரும்பாலும் ஓரிரு பக்கம்தான். என்னுடைய தாளில் பிலிப்பைன்ஸ் பத்தி இன்னும் பாதி காலியாக இருக்கிறது. அடுத்து அதைத்தான் நிரப்பப்போகிறேன்.