மார்ச் 10-க்கு தரம்சாலா போயிருந்தேன்

ஊர் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. தலாய் லாமா இருக்கிற இமாசல மலையூரான தரம்சாலாவில், திபெத்திய எழுச்சி நாள் ஊர்வலத்தில் கோஷம் போட்டுக் கட்டிய தொண்டை இன்னும் திறக்கவில்லை. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது பஸ் மீதிருக்கும் கோபம்தான், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டெல்லி வரை ரயில், ஸ்லீப்பர் கோச், குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே மஜ்னு கா டில்லா என்ற திபெத்தியர் குடியிருப்பிலிருந்து ராத்திரி பஸ். 1,300 ரூபாய். சாய்கிற சீட் என்று சொல்லித்தான் விற்றார்கள். என் சீட் சாயவில்லை. முன்சீட் மட்டும் நன்றாகச் சாய்ந்து என் முழங்காலில் வந்து உட்கார்ந்தது. ஹீட்டர் ஓடவில்லை. மலைப்பாதை தொடங்கியதும் பின்னால் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள், டிரைவர் நிறுத்தவே இல்லை. டிக்கெட்டில் மெக்லியோட்கஞ்ச் என்று இருந்தது, திபெத்தியர்கள் இருக்கிற மேல் தரம்சாலா அது. கீழ் தரம்சாலாவிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டு, "ஊர்வலம் இருக்கு, மேலே வண்டி விடமாட்டாங்க" என்றார் கண்டக்டர். அன்று தேதி 9. ஊர்வலம் மறுநாள்.

மேலே பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. டாக்ஸிக்காரர் 900 கேட்டார். குளிரில் நின்று பேரம் பேசி 600-க்கு முடித்தேன். அந்த ரோட்டில் அரசு பஸ் போகிறது, சில பத்து ரூபாய்தான் என்று அறை கொடுத்த அம்மா சொன்னபோது வயிறு எரிந்தது. மூன்று நாள் சாப்பாட்டுக் காசு அது. நீங்கள் போனால் பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் காத்திருங்கள், டாக்ஸியைத் திரும்பியும் பார்க்காதீர்கள். அறை ஜோகிவாரா ரோட்டில், ஒரு நாளைக்கு 700, வெந்நீர் வாளியில் வரும். போதும்.

இனி பத்தாம் தேதி.

1959-ல், சீனா பிடித்திருந்த திபெத்தின் தலைநகர் லாசாவில், சீன ராணுவ முகாமில் நடக்கும் கலைநிகழ்ச்சிக்குத் தலாய் லாமாவை அழைத்திருந்தார்கள். மெய்க்காவலர் இல்லாமல் வரவேண்டும் என்ற பேச்சு ஊரில் பரவியது. கடத்தப்போகிறார்கள் என்று பயந்த ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வந்து நோர்புலிங்கா அரண்மனையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அதுதான் மார்ச் 10. ஒரு வாரம் கழித்து 17-ஆம் தேதி இரவு, சிப்பாய் வேஷத்தில் அவர் வெளியேறினார். மாதக் கடைசியில் இந்திய எல்லைக்குள் வந்தார். அப்போது அவருக்கு வயது 23. அன்றிலிருந்து ஒவ்வொரு மார்ச் 10-க்கும் திபெத்தியர்கள் இருக்கிற ஊரிலெல்லாம் தெருவில் இறங்குகிறார்கள்.

சுக்லாகாங் கோயில் முற்றத்தில் காலையிலேயே இடமில்லை. பள்ளிப் பிள்ளைகள், மெரூன் அங்கியில் பிக்குகள், சுபா என்ற நீள அங்கி உடுத்தி அதன் முன்னால் பங்தென் என்ற வரிவரியான மேல்துணி கட்டிய பெண்கள், பிரார்த்தனை உருளையைச் சுற்றிக்கொண்டே நிற்கும் கிழவர்கள். கொடி ஏறியது. இரண்டு பனிச்சிங்கம், நடுவில் சூரியன். இதே கொடியைத் திபெத்துக்குள் பிடித்தால் சிறை. இங்கே ஒரு குழந்தை அதைக் கன்னத்தில் வரைந்துகொண்டு, பாட்டி இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. திபெத்திய தேசிய கீதம், மௌன அஞ்சலி, பிறகு நாடுகடந்த திபெத்திய நிர்வாகத்தின் அமைச்சரவையான கஷாக்கின் அறிக்கை. எல்லாம் திபெத்திய மொழியில். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் எனக்காகக் காதோரம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தான்.

நான் சென்னை என்றதும் அவன் முகம் மாறியது. "2019?" என்றான். அந்த அக்டோபரில் மாமல்லபுரத்துக்கு ஷி ஜின்பிங் வந்தபோது, சென்னையில் படித்துக்கொண்டிருந்த திபெத்திய மாணவர்கள் சிலரை முன்கூட்டியே கைது செய்தார்கள். கவிஞர் டென்ஸின் சுண்டுவையும் விழுப்புரம் மாவட்டத்தில் பிடித்தார்கள். சுண்டு நம் லயோலாவில் படித்தவர். திபெத்துக்கு விடுதலை கிடைக்கும்வரை அவிழ்ப்பதில்லை என்று சிவப்பு நெற்றிப்பட்டை கட்டியிருப்பவர். அந்த வாரம் ஊரே வேட்டி கட்டிய பிரதமரையும் காய்கனித் தோரணத்தையும் பேசிக்கொண்டிருந்தது. நானும் அதைத்தான் பேசினேன். இந்தப் பயணத்துக்கு ஆறு மாதம் காசு சேர்த்ததற்கு அதுவே காரணம் என்று அவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கையிலிருந்த இரண்டு கொடியில் ஒன்றை என்னிடம் கொடுத்தான்.

ஊர்வலம் கீழ் தரம்சாலா வரை, முழுக்க இறக்கம். முன்வரிசையில் ஒரு குரல் "போ கியாலோ!" என்று எடுத்துக்கொடுக்க, பின்னால் மலையே திருப்பிச் சொன்னது. திபெத்துக்கு வெற்றி என்று அர்த்தம். இளைஞர்கள் நடுநடுவே "ரங்ஸென்!" என்றார்கள், அதாவது சுதந்திரம். தரம்சாலாவில் இருக்கிற அந்தத் திபெத்திய நிர்வாகம் கேட்பது சீனாவுக்குள் உண்மையான தன்னாட்சி, நடுவழி என்கிறார்கள். திபெத்திய இளைஞர் காங்கிரஸ் கேட்பது முழு விடுதலை. இரண்டு தரப்பும் ஒரே ஊர்வலத்தில் தோளோடு தோள் நடந்தன. ஓரத்து ஹோட்டல் மாடியிலிருந்து ஒரு சுற்றுலாக் கூட்டம் "இதெல்லாம் நடக்கிற காரியமா" என்று சத்தமாகவே பேசிச் சிரித்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என்ன கேட்பது என்பதை முடிவு செய்யவேண்டியவர்கள் கீழே நடந்துகொண்டிருக்கிறார்கள். மேலே உட்கார்ந்து காபி குடிப்பவர்களுக்கு இதில் என்ன வேலை?

ஒரு பெண் பிடித்திருந்த அட்டையில் உறைவிடப் பள்ளி பற்றி எழுதியிருந்தது. சுமார் 10 லட்சம் திபெத்தியக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சீன மொழிப் பள்ளிகளில் தங்கவைத்திருப்பதாக 2023-ல் ஐ.நா. வல்லுநர்கள் எச்சரித்தார்கள். அடுத்த அட்டையில் ஆறு வயதுப் பையனின் படம்: கெதுன் சோக்கி நீமா. 1995 மே மாதம், தனக்கு அடுத்த நிலைக் குருவான பஞ்சன் லாமா இவன்தான் என்று தலாய் லாமா அறிவித்த மூன்றாம் நாள் சீன அதிகாரிகள் தூக்கிப்போனார்கள். பிறகு உலகம் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. அந்த அட்டைக்குப் பின்னாலேயே நடந்தேன். 2009-லிருந்து திபெத்துக்குள் தீக்குளித்தவர்கள் 150-க்கும் மேல். அவர்களுடைய படங்களும் வந்தன, சிலவற்றைப் பிள்ளைகள் சுமந்தார்கள்.

கீழே போய்ச் சேர்ந்தபோது கால் விண்விண் என்று தெறித்தது. அப்புறம் சாப்பிட்ட தென்துக்கைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மாவைக் கையால் பிய்த்துப் பிய்த்துக் கொதிக்கிற குழம்பில் போடுகிறார்கள். முள்ளங்கி, கீரை, இஞ்சி, ஆவி பறக்கிற பெரிய கிண்ணம். 140 ரூபாய். மேலே சிவப்பு மிளகாய் விழுது ஒரு கரண்டி. இரண்டாவது கிண்ணம் வாங்கலாமா என்று பர்ஸை இரண்டு முறை எண்ணிப் பார்த்து, வாங்கினேன். டாக்ஸிக்குப் போன 600 அப்போது மறுபடி வலித்தது. வெண்ணெய்த் தேநீரில் உப்பு இருக்கும், டீ என்று நினைத்துக் குடிக்காதீர்கள். சூப் என்று நினைத்தால் இறங்கும், குளிருக்கு அதைப்போல ஒன்றில்லை.

ஊர் முழுக்க வெளியாட்கள் வந்து போகிற நாள் மார்ச் 10. மறுநாள் புதன்கிழமைதான் என்னை அசைத்தது.

புதன் தலாய் லாமாவின் ஆத்ம நாள், அதாவது அவருக்கு உகந்த கிழமை என்பது நம்பிக்கை. 2008 எழுச்சியை அடக்கிய பிறகு, திபெத்துக்குள் ஜனங்கள் லக்கார், அதாவது வெள்ளைப் புதன், என்று ஒன்றைக் கைக்கொண்டார்கள். அன்று சுபா உடுத்துவார்கள், திபெத்தியச் சாப்பாடுதான் சாப்பிடுவார்கள், கலப்பில்லாமல் திபெத்திய மொழி பேசுவார்கள். தெருவில் கூடினால் சுடுகிற ஊரில், வாரத்தில் ஒரு நாள் தானாக இருப்பதே போராட்டம். தேநீர்க்கடைப் பையன்கள் மேஜையில் ஒரு டம்ளர் வைத்திருந்தார்கள். பேச்சில் ஹிந்தியோ ஆங்கிலமோ வந்தால் ஒரு ரூபாய் போடவேண்டும். டம்ளர் பாதி நிறைந்திருந்தது. நம் தமிழில் ஒரு நாள் இப்படி வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன், சுருக்கென்றது.

அன்று இருட்டியதும் வெள்ளைப் புதன் ஊர்வலத்துக்குச் சதுக்கத்தில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். பேப்பர் கப்பில் துளை போட்டுச் செருகிய மெழுகுவத்தி. மைக் இல்லை, கேமரா இல்லை. என் பக்கத்தில் ஒரு மோ-லா. பாட்டியை அப்படித்தான் கூப்பிடவேண்டும். தமிழ்நாடு என்றேன். "வாங்க, வாங்க! ஃபிக்ஸட் ரேட்!" என்று சிரித்தார். இருபது வருஷம் கோயம்புத்தூரில் குளிர்காலத்துக்கு வந்து ஸ்வெட்டர் விற்றவராம். அரைகுறை ஹிந்தியில் பேசினோம். அவர் எல்லை தாண்டும்போது அம்மா முதுகில் இருந்த குழந்தை.

எத்தனை வருஷமாக இப்படி வருகிறீர்கள் என்று கேட்டேன். கேள்வியே புரியாததுபோலப் பார்த்தார். கடைக்குப் போவதை, கோரா என்ற கோயில் வலத்துக்குப் போவதை யாராவது வருஷக்கணக்கில் சொல்வார்களா? என் வத்தி காற்றில் அணைந்தபோதெல்லாம் தன்னுடையதைச் சாய்த்து ஏற்றிக் கொடுத்தார். கோயில் ரோட்டில் பிரார்த்தனை பாடிக்கொண்டே மெதுவாக நடந்தோம். முற்றத்தில் வத்திகளை வைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள், சிலர் காய்கறி வாங்கிக்கொண்டு.

வியாழன் 12-ஆம் தேதி பெண்கள் எழுச்சி நாள். 1959-ல் அதே தேதியில் லாசாப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பொட்டாலா அரண்மனை முன்னால் திரண்டார்கள். மோ-லா அதிலும் வந்திருந்தார், அதே பழைய ஷூ, கையில் கொடி. என்னைப் பார்த்ததும் வரிசைக்குள் இழுத்து நிறுத்திக்கொண்டார். ராத்திரி பஸ்ஸுக்கு நான் பாதியில் கிளம்பவேண்டியிருந்தது.

மொத்தம் 9,400 ரூபாய், டாக்ஸியையும் சேர்த்து. ஸ்வெட்டர் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அங்கேயே வாங்குங்கள். ஊர்வலத்தில் செல்ஃபி எடுக்காதீர்கள். உள்ளே சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு முகம் வெளியே வந்தால் ஆபத்து, கேட்காமல் யாரையும் படம் பிடிக்கவேண்டாம். ரயில் டிக்கெட் 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, ஆகவே ஜனவரி முதல் வாரத்தில் உட்கார்ந்து போட்டுவிடுங்கள். நான் அடுத்த தடவை ஒரு புதன்கிழமை கூடுதலாக வருகிற மாதிரி போடப்போகிறேன்.