சிக்யூ வேர்ல்ட் வைட் 2024: மன்னார்குடிப் பக்கத்து ஹாம் நாட்குறிப்பு

20 அக்டோபர் 2024, ஞாயிறு

ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்கள், உலகெங்கும் உள்ள நிலையங்களோடு தொடர்புகொண்டு புள்ளி சேர்க்கும் சிக்யூ வேர்ல்ட் வைட் போட்டியின் குரல் பகுதி வரும் சனி காலை 5.30க்குத் தொடங்குகிறது. திங்கள் காலை 5.29 வரை, மொத்தம் 48 மணி நேரம். ஐப்பசி மழை வலுத்துவிட்டால் வழுக்கும் தென்னையில் ஆள் ஏற்றக் கூடாது. அதனால் ஆன்டெனா வேலையெல்லாம் இன்றைக்கே.

20 மீட்டர் அலைவரிசைக்கு (14.2 மெகாஹெர்ட்ஸ்) டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணையும் இரு பக்கக் கம்பி ஆன்டெனா, கட்ட 143ஐ 14.2ஆல் வகுத்தால் 10.07 மீட்டர், பக்கத்துக்கு 5 மீட்டர் சொச்சம். வீட்டு வயரிங் கம்பி என்றால் பிவிசி உறை காரணமாக இரண்டு மூன்று சதவீதம் குறைவாகவே தேவைப்படும். ஆனாலும் 15 செ.மீ. கூடுதலாக வெட்டி, நுனியை மடித்துச் சுற்றி, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்பதன் அளவு) பார்த்துப் பார்த்துக் குறைப்பதே நல்லது. வெட்டியதை ஒட்ட முடியாது.

எந்தத் திசை என்பதில் வருடா வருடம் வாதம். டெல்டாவிலிருந்து ஜெர்மனி சுமார் 320 டிகிரி, ஜப்பான் சுமார் 55 டிகிரி. கம்பியை வடகிழக்கு–தென்மேற்காகக் கட்டினால் ஐரோப்பா நேர் எதிரே வரும், ஜப்பான் கம்பியின் நுனிக்குப் போய்விடும். ஜப்பான் சத்தமாகக் கேட்கிறதே என்று அந்தப் பக்கம் கட்டுபவர்கள் புள்ளிக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். வேறு கண்டத்துத் தொடர்புக்கு 3 புள்ளி, ஆசியாவுக்குள் 1 புள்ளி, இந்தியாவுக்குள் சுழியம் (மொத்தப் புள்ளியைப் பெருக்கும் மல்டிப்ளையர் மட்டும் கிடைக்கும்). ஒரே ஒரு டைபோல்தான் என்றால் ஐரோப்பாவுக்குத்தான் கட்ட வேண்டும்.

மரம் ஆடும். ஒரு முனையை நிலையாகக் கட்டி, மறுமுனைக் கயிற்றைக் கப்பி வழியாக இறக்கி, ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் மணல் நிரப்பித் தொங்கவிட்டால் காற்றில் மரம் சாயும்போது கேன் ஏறி இறங்கும், கம்பி அறாது. இன்சுலேட்டருக்கும் மட்டைக்கும் நடுவே குறைந்தது இரண்டு மீட்டர் கயிறு இருக்கட்டும். ஈர மட்டை நுனியில் பட்டால் ரெசனன்ஸ் (ஆன்டெனா ஒத்திசையும் அதிர்வெண்) நகர்ந்துவிடும்.

ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கோஆக்ஸ் கேபிளின் இணைப்பில் மழைநீர் இறங்குவதுதான் இங்கே பெரிய வினை. ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் பிவிசி டேப், அதற்குப் பிறகு கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விடவும். போன வருடத்தைவிட எஸ்டபிள்யூஆர் எல்லா அலைவரிசையிலும் திடீரென்று அழகாக இருந்தால் மகிழ வேண்டாம். தண்ணீர் புகுந்த கேபிள் சக்தியை உறிஞ்சிக்கொண்டு, திரும்பி வரும் அலையையும் மறைத்துவிடுகிறது.

21 அக்டோபர், திங்கள்

"வயலில் தண்ணீர் நிற்கிறதே, வெர்டிகலுக்கு ரேடியல் எதற்கு?" என்ற கேள்வி இந்த வாரமும் வந்தது. வெர்டிகல் என்பது செங்குத்து ஆன்டெனா, ரேடியல் அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் விரியும் கம்பி. தண்ணீர் நின்றாலே மண் நன்றாகக் கடத்தும் என்ற நினைப்பில் வரும் கேள்வி. கடல்நீரின் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமென்ஸ். நம் களிமண் அதில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். வேதாரண்யம் உப்பளத்து ஓரம் வேறு கதை, சம்பா வயல் வேறு கதை. ரேடியல் வேண்டும். நடவு முடிந்த வயலில் தரையில் பரப்ப முடியாது என்பதால் வரப்பை ஒட்டி இரண்டு ரேடியலை உயர்த்திக் கட்டலாம், 40 மீட்டருக்கு ஒவ்வொன்றும் 10 மீட்டர். உயரம் கட்டாயம் ஆள் தலைக்கு மேலே: சிக்னல் போகும்போது ரேடியல் நுனியைத் தொட்டால் சுடும், களை எடுக்க வருபவர்களுக்கு அது தெரியாது.

22 அக்டோபர், செவ்வாய்

இரைச்சல் தேடும் நாள். ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை அணைத்து, சிக்னல் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டரைப் பார்க்கவும். எஸ்7 இருந்தது எஸ்3க்கு இறங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்தான். பிறகு எம்சிபியை ஒவ்வொன்றாகப் போட்டால் பிடிபடும்: பெரும்பாலும் எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர். இறங்கவே இல்லை என்றால் வெளியிலிருந்து வருகிறது. வியாழன் 31 தீபாவளி, கடைத்தெரு சீரியல் விளக்கு இப்போதே எரிகிறது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கோஆக்ஸ் மீது ஏறி வரும் இரைச்சலுக்கு மட்டும் வழி உண்டு: '31 கலவை' என்ற வகை, 2.4 அங்குல ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, ஆன்டெனாவின் நடுவில் மாட்டவும்.

24 அக்டோபர், வியாழன்

எந்தப் பிரிவில் பெயர் கொடுப்பது? எந்த நிலையம் எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று மற்றவர்கள் இணையத்தில் இடும் கிளஸ்டர் ஸ்பாட்டைத் திரையில் திறந்து வைத்தாலே அது உதவி பெறும் பிரிவு. "பார்த்தேன், ஆனால் சொடுக்கவில்லை" என்பது செல்லாது. உதவியில்லாத பிரிவில் இருந்துகொண்டு ஸ்பாட் பார்ப்பவர்கள் மாட்டுவது எப்படி என்றால், லாக் (தொடர்புப் பதிவேடு) எல்லாம் பின்னர் பொதுவில் வெளியாகிறது. ஒரு அரிய நிலையம் ஸ்பாட் ஆன நிமிடத்திலேயே இவர் அலைவரிசை தாவி அதைப் பிடித்தது திரும்பத் திரும்பத் தெரிந்தால் கேள்வி வரும்.

ஸ்பாட் பார்ப்பது தவறே இல்லை, அதற்கென்றே பிரிவு இருக்கிறது. உதவியில்லாத பிரிவில் பெயர் கொடுத்து அதைச் செய்வதுதான் திருட்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு கிளாசிக் பிரிவு நல்ல தேர்வு: ஒரே ரேடியோ, ஸ்பாட் உதவி கிடையாது, 24 மணி நேரம் மட்டுமே கணக்கு.

சக்தியிலும் அப்படித்தான். போட்டி விதி 1500 வாட் வரை விட்டாலும், நம் லைசென்ஸில் உள்ளதே நம் எல்லை. 100 வாட் வரை குறைந்த சக்திப் பிரிவு, அது போதும். நம் சோன் (போட்டிக்காக உலகைப் பிரித்த மண்டலம்) 22 பலருக்கு மல்டிப்ளையர் என்பதால் அவர்களே தேடி வருவார்கள்.

26 அக்டோபர், சனி

தொடக்கம் 40 மீட்டரில். சூரியன் ஆறு மணி சொச்சத்துக்கு உதிப்பதற்குள் அமெரிக்கக் கிழக்குக் கரை கிடைக்கும் வாசல் இது. அவர்கள் 7.125 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேச முடியாது, நாம் 7.200க்கு மேலே போக முடியாது. இடையில் உள்ள 75 கிலோஹெர்ட்ஸில்தான் அத்தனை பேரும். காலையில் 15, 10 மீட்டரில் ஜப்பான், நண்பகலிலிருந்து அதே அலைவரிசைகளில் ஐரோப்பா, இருட்டியதும் மீண்டும் 40.

பைல்-அப் வந்தால், அதாவது பலர் ஒரே நேரத்தில் அழைத்தால், நிமிடத்துக்கு ஒரு தடவையாவது உங்கள் கால்சைன் (நிலையத்தின் அழைப்புப் பெயர்) சொல்லவும். வெறும் "க்யூஆர்இசட்" (அழைப்பது யார்?) சொல்லியே ஓட்டுவது கேட்பவர் நேரத்தைத் தின்னும். "லிமா ஏதோ" (லிமா என்றால் எல் எழுத்து) என்று பாதி கேட்டால் "லிமா மட்டும்" என்று கேட்டு, மற்றவர் நுழைந்தாலும் அவருடனேயே தொடர்பை முடிக்கவும். ஆளை மாற்றினால் அடுத்த தடவை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

எல்லாருக்கும் 59 (தெளிவும் வலுவும் முழுசு என்ற சிக்னல் மதிப்பீடு) கொடுப்பது வெற்றுச் சடங்கு என்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு, அதில் செய்தியே இல்லை. ஆனாலும் அந்த அரை நொடியில்தான் காது அடுத்து வரும் சோன் எண்ணுக்குத் தயாராகிறது. சோன் எண்ணை லாக் நிரல் முன்கூட்டியே நிரப்பித் தரும். அதை நம்பிக் காதை மூடுபவர்தான் தவறான எண்ணை லாகில் ஏற்றுகிறார்.

27 அக்டோபர், ஞாயிறு

இடி கேட்டால் கோஆக்ஸை ரேடியோவில் பிடுங்கினால் போதாது, ஜன்னலுக்கு வெளியே கழற்றவும். பேட்டரி 11.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் குரல் உடையும், உடனே மாற்றவும்.

28 அக்டோபர், திங்கள்

போட்டி முடிந்தது. இப்போதுதான் பெரிய சோதனை. லாகைத் திறந்து, சந்தேகமான கால்சைன்களை இணையத் தரவுத்தளத்தில் தேடித் திருத்துவது விதிப்படி தடை. ஒலிப்பதிவைக் கேட்டுத் திருத்துவதும் தடை. பதிவு நடுவர் கேட்டால் காட்டுவதற்கு மட்டுமே. முன்னணி இடம் பிடிப்பவர்களிடம் கேட்பார்கள் என்பதால் பதிவை அழிக்க வேண்டாம். "தட்டச்சுப் பிழைதானே" என்பவர்களுக்கு: தட்டச்சும் போட்டியின் பகுதி. தவறாக எடுத்த கால்சைன் கழிவதோடு அபராதமும் உண்டு, அதைச் சுமப்பதுதான் நேர்மை. இரட்டைப் பதிவுக்கு அபராதம் இல்லை, நீக்காமல் அப்படியே விடவும்.

போட்டிக்கு அனுப்பும் லாகின் வடிவமான கேப்ரில்லோ கோப்பில் பார்க்க வேண்டியது தலைப்பு வரிகள்: பிரிவு, சக்தி, உதவி உண்டா இல்லையா. நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறதா என்றும் பார்க்கவும். கணினி இந்திய நேரத்தில் எழுதியிருந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போய், எதிர் லாகில் எதுவும் பொருந்தாது. கெடு ஐந்து நாள், அதாவது சனி 2 நவம்பர் காலை 5.29. நடுவில் தீபாவளி வருவதால் இன்றே ஏற்றிவிடவும். பிறகு தலைப்பில் பிழை தெரிந்தால் மறுபடி ஏற்றலாம், கடைசியாக வந்த கோப்பே கணக்கு.