ரப்பர் ஆசிட் தின்ற கயிறு

போன ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து 45 மீட்டர் கயிறு ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துண்டும் ஒரு கை நீளம். வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "நாலாயிரம் ரூவா கயிறுல்லா? என்னத்துக்கு இப்பிடிப் போட்டு அறுக்கிய?" என்றாள். எட்டு மாதம் கூட ஆகாத கயிறு. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. துணி காயப்போட ஒரு பத்து மீட்டராவது தரச் சொன்னாள். தரமாட்டேன் என்றேன். அன்று மத்தியானம் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

மரம் ஏறுவதுதான் எனக்குத் தொழில். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் வீடு. தேங்காய் வெட்டு, கருக்கு (இளநீர்) போடுவது, வீட்டுக்கு மேல் சாய்ந்து நிற்கும் மரங்களைக் கொப்பு கொப்பாக இறக்குவது என்று எல்லாம் செய்வேன். அப்பா பனையேறி. அவர் காலத்தில் எங்கள் விளைத் தோட்டங்களைச் சுற்றிப் பனை இருந்தது, இப்போது அங்கெல்லாம் வீடு இருக்கிறது, அல்லது ரப்பர் நிற்கிறது. ஆகவே நான் தெங்குக்கு வந்தேன், அதிலிருந்து அயனி என்கிற காட்டுப் பலாவுக்கும் புளிக்கும் போனேன்.

அப்பாவின் உபகரணங்களை ஒரு கையில் தூக்கிவிடலாம். அரிவாள் பெட்டி, பாளை அரிவாள், பாளையை நசுக்கும் கடிப்பு, மரத்தில் சாத்தி ஏறும் முருக்குத்தடி, அப்புறம் காலில் மாட்டும் தளைநார். அந்தத் தளை பனை மட்டையில் உரித்த நாரில் அவரே முறுக்கியது. எந்த மட்டை, என்றைக்கு உரித்தது, எத்தனை நாள் காய்ந்தது என்று எல்லாம் அவருக்குத் தெரியும். சாயங்காலம் பாளை சீவிவிட்டு இறங்கியதும் முதல் வேலையாகத் தளையைக் கழற்றி, பெருவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்ப்பார். நார் காய்ந்து விறைத்திருந்தால் தண்ணீரில் போடுவார். காலையில் அக்கானி (பதநீர்) இறக்கப் போகும்போது என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி, "லே மக்கா, தளைய நனைச்சியாலே?" என்பதுதான்.

நான் மாட்டிக்கொண்டு ஏறுகிற எதையும் நான் செய்யவில்லை. உடம்பைத் தாங்கும் பட்டையான ஹார்னஸ், கொக்கி, கயிறு என்று எல்லாமே கடையில் வாங்கியவை. செய்தவன் யார், எங்கே செய்தான், எத்தனை வருஷம் குடோனில் கிடந்தது, ஒன்றும் தெரியாது. எனக்கு இருக்கிற கவலையெல்லாம் இந்த ஒரு கவலைதான்.

முதலில் மெஷின். தென்னை ஏறும் மெஷின் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் இருக்க மாட்டார்கள். இரண்டு சட்டம், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிவரும் ஒரு கம்பிவடம், ஒரு காலைத் தூக்கி மறு காலை அழுத்தினால் ஏறிக்கொண்டே போகலாம். இந்த வகை கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியில் ஒருவர் உருவாக்கியது. 2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று பயிற்சி தொடங்கிய பிறகு, எங்கள் பக்கமும் நிறையப் பேர் மெஷினுக்கு மாறினார்கள். நெஞ்சு தேயாது, நல்ல விஷயம். ஆனால் மேலே போகப் போக மரம் ஒடுங்கும், வடத்தை இறுக்கிக்கொண்டே போகவேண்டும். மரத்தில் நல்லமிளகுக் கொடி படர்ந்திருந்தால் மெஷினைப் போடவே முடியாது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பாசி பிடித்த மரம் என்றால் ரப்பர் கட்டை சறுக்கும்.

கம்பிவடம் சட்டென்று அறுவதில்லை. கொக்கியில் மாட்டுகிற வளைவில்தான் ஒவ்வொரு இழையாக விடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. பழைய பனியன் துணியை வடத்தைச் சுற்றிப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால், அறுந்த இழை இருக்கும் இடத்தில் துணி மாட்டும். மாட்டிய அன்றே வடத்தை மாற்றிவிடுவேன். கையால் தடவிப் பார்க்கிற ஆட்களும் உண்டு. அவர்கள் விரலைப் பார்த்தாலே தெரியும்.

நான் கயிற்றுக்கு வந்தது ஒக்கிப் புயலுக்குப் பிறகு. 2017 நவம்பர் 30. அன்று காலை விழுந்த மரங்களைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் சொல்வார்கள். ரப்பர் பாதியில் முறிந்து நின்றது, வாழை மொத்தமாகப் படுத்தது, வேரோடு சாய்ந்த அயனியும் பிலாவும் ஓட்டு வீடுகளின் மேல் கிடந்தன. விழுந்து கிடக்கிற மரம் செத்த பாம்பு மாதிரி என்று நினைத்துத்தான் பலர் வெட்டப் போனார்கள். அப்படி இல்லை. வளைந்து அழுந்திக் கிடக்கும் கொப்பில் வில்லின் விசை இருக்கும். வாள் வைத்ததும் துள்ளும். எனக்கு அந்த வாரம் தாடையில் ஒன்று விழுந்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. செல்போன் டவரில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன்தான் அப்போது அவனுடைய பழைய ஹார்னஸைத் தந்து, "அண்ணே, இதப் போட்டுட்டு ஏறும்" என்றான். அதுவரை இடுப்பில் சாதாரணப் பிளாஸ்டிக் கயிறு கட்டித்தான் ஏறிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

ஏறுகிற கயிறு வேறு சாதி. மேலே பின்னிய உறை, உள்ளே பாரம் தாங்கும் இழைகள். அதில் மெல்லிய கயிறு ஒன்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால், பாரம் விழும்போது கடித்துக்கொள்ளும், பாரத்தை எடுத்தால் வழுக்கும். இரண்டு கையும் வாளுக்கு மிச்சம். ஆனால் வாள் இருக்கிற இடத்தில் கயிறும் இருக்கிறதே! மேலே மெஷின் வாளை ஓட்டும்போது எப்போதும் இரண்டு கட்டு, கயிற்றில் ஒன்று, மரத்தைச் சுற்றி இன்னொன்று. இரண்டில் ஒன்றை வாள் தின்றாலும் இன்னொன்று இருக்கும்.

எந்தக் கொப்பில் கட்டுவது என்பதற்கு எந்தக் கடையிலும் சாமான் கிடையாது. புளியங்கொம்பைப் பிடித்தவன் என்று சும்மாவா சொன்னார்கள், மெல்லிய கொப்பும் வளையுமே தவிர லேசில் முறியாது. முருங்கை தொடை கனம் இருந்தாலும் நம்பமாட்டேன். கொல்லாமாவும் (முந்திரி) கிட்டத்தட்ட அதே குணம்தான்.

கொக்கி வாங்கப் போய் ஏமாந்ததும் உண்டு. ஒரு கடையில் பளபளவென்று அலுமினியக் கொக்கி, ஒன்று நூறு ரூபாய் சொச்சம். வீட்டுக்கு வந்து வெயிலில் திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் எறும்பு எழுத்தில் 'நாட் ஃபார் கிளைம்பிங்' என்று பொறித்திருக்கிறது. இப்போது அதில் சாவிக்கொத்து தொங்குகிறது. ஏறுவதற்கான கொக்கியில் மூன்று எண் இருக்கும். நீளவாக்கில் 22 கிலோ நியூட்டன் என்றால் ஏறக்குறைய 2,200 கிலோ. குறுக்கே இழுபட்டாலோ வாய் திறந்திருந்தாலோ அது 7, 8 என்று இறங்கிவிடும். ஆகவே திருகுப் பூட்டுப் போடாத கொக்கியில் நான் தொங்குவதில்லை.

சரி, ஆசிட் கதைக்கு வருகிறேன்.

குலசேகரம் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு நாள் வேலை. கூரைக்கு மேல் வந்த அயனியை இறக்கவேண்டும். முதல் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கயிற்றைச் சுமந்துகொண்டு பைக்கில் வருவானேன் என்று, ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில் ஒரு மூலையில் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் அதே கயிற்றில்தான் ஏறினேன், வேலையை முடித்தேன், கூலியையும் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து வாளியில் போட்டு அலசும்போதுதான் கை நின்றது. மற்ற இடமெல்லாம் வழவழவென்று போகிற கயிறு, ஒரு முழ தூரத்துக்கு மட்டும் அட்டை மாதிரி விறைத்திருந்தது. வளைத்துப் பார்த்தேன். வட்டமாக வரவேண்டிய இடத்தில் ஒடிந்த மாதிரி ஒரு மூலை. உறையின் நூல் நகத்துக்குப் பொடியாக உதிர்ந்தது. வாள் பட்ட காயம் இல்லை, உரசலும் இல்லை.

ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவருக்கு மாதாமாதம் தேங்காய் வெட்டிக் கொடுப்பேன். கயிற்றை அவரிடம் காட்டினேன். எங்கே வைத்தாய் என்று மட்டும் கேட்டார். சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "அங்க ரப்பர் பால் உறையப் போடுறதுக்கு என்ன வச்சிருப்பான்? ஃபார்மிக் ஆசிட். உன் கயிறு என்னது? நைலான். நைலானக் கரைக்கணும்னா நாங்க லேப்ல அதத்தாண்டே எடுப்போம்."

கேனிலிருந்து ஒழுகியதோ, அளக்கும்போது சிந்தியதோ, தெரியாது. வீட்டுக்காரரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, கொட்டகை அவருடையது, கயிற்றைக் கொண்டுபோய் வைத்தது நான். இந்த மாவட்டத்தில் மேற்கே போனால் ரப்பர் விளை உள்ள வீடுகளில் அந்தக் கேன் இருக்கும். நான் ஏறுகிற மரங்களில் பாதி அந்த வீடுகளில்தான் நிற்கின்றன. பாலியெஸ்டர் ஆசிட்டை இதைவிட நன்றாகத் தாங்கும் என்று வாத்தியார் சொன்னார். அடுத்த கயிறு அதில் பார்க்கவேண்டும். இன்னொன்றும் சொன்னார். மாமரத்தில் முசிறு எறும்பு கடித்துவிட்டு அடிக்கிறதே ஒரு நீர், அதிலும் இதே ஆசிட்தானாம். அதை எத்தனை லிட்டர் வாங்கியிருக்கும் என் உடம்பு!

கெட்ட முழத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமே என்று வேலைக்கு வரும் பையன் கேட்டான். நானும் இரண்டு ராத்திரி யோசித்தேன். வாள் பட்டிருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன், காயம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். ஆசிட் எத்தனை தூரம் ஊறியது என்று எந்த விரலும் சொல்லாது. மழையில் நனைந்து சுருண்டு கிடந்த கயிறு வேறு.

அதை முழுசாக யாருக்கும் கொடுக்காததற்கும் காரணம் உண்டு. நாலைந்து வருஷம் முன்னால் கழித்துப்போட்ட கயிறு ஒன்றை, மாடு கட்ட என்று பக்கத்து விளைக்காரர் கேட்டு வாங்கிப் போனார். அவர் மகன் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க அதைத்தான் கட்டி இறங்கியிருக்கிறான். 'மரம் ஏறுறவன் கயிறு, யானையைக் கட்டலாம்' என்று நம்பி. பாதியில் அறுந்தது. தண்ணீர் இருந்ததால் பிழைத்தான், கணுக்கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. அவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதிலிருந்து கழிக்கிற கயிறெல்லாம் கை நீளம்தான். ஒரு நோட்டும் போட்டிருக்கிறேன். வாங்கிய தேதி, ஏறிய நாட்கள், எங்கே வைத்தேன் என்பது வரை மகள்தான் எழுதுகிறாள். இந்தக் கயிற்றின் பக்கத்தில் சிவப்பு மையில் 'ஆசிட்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள்.

வீட்டுக்காரி விடுகிற ஆள் இல்லை. புதன்கிழமை வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், முற்றத்தில் புதுக் கொடி. துண்டுகளில் இருபதைப் பொறுக்கி, ஒன்றோடு ஒன்று முடிந்து கட்டியிருக்கிறாள். இரண்டடிக்கு ஒரு முடிச்சு. என் சட்டையை இழுத்து எடுக்கும்போது முடிச்சில் மாட்டிப் பொத்தான் ஒன்று தெறித்தது. ஒன்றும் சொல்லவில்லை. அதை எடுத்துக்கொண்டு யாரும் கிணற்றில் இறங்க மாட்டார்கள்.