விசா கிடைத்த பிறகு

அசைலம், அதாவது அகதித் தஞ்சம், கேட்டு வந்த ஒரு தாயும் பிள்ளைகளும் ஊருக்குள் புதிதாகக் குடியேறினால், சனம் பை பையாக உடுப்புக் கொண்டுவந்து கொட்டும். நான் வட இங்கிலாந்தில் ஒரு ஆரம்பப் பாடசாலையில் குடும்பங்களுக்கான உதவிப் பணியாளராக இருக்கிறேன். குளிர்காலம் வந்தால் என் அறையில் கதிரையை இழுக்க இடமிராது. மனமுவந்து தருகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் உதவி மிகவும் தேவைப்படுகிற நேரம் அதுவல்ல.

இருக்க இடமில்லை என்று அரசிடம் கேட்பவர்களை 2000ஆம் ஆண்டிலிருந்து வாடகை குறைந்த ஊர்களுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். ஊரைத் தெரிவு செய்ய முடியாது. அப்படித்தான் ஒரு வன்னித் தாய் இரண்டு பிள்ளைகளோடு எங்கள் பாடசாலைக்கு வந்தார். 2024 ஜனவரியில் கூட்டிய பிறகு அரசு தந்த காசு ஆளுக்கு வாரம் 49.18 பவுண். மூன்று பேருக்கு 147.54. வீட்டையும் மின்சாரத்தையும் அரசு வேறாகத் தந்தது. சாப்பாடு, சோப்பு, பஸ், போனுக்கு டேட்டா எல்லாம் இதற்குள். வேலை செய்யக் கூடாது. 12 மாதமாகியும் முடிவு வராவிட்டால் அனுமதி கேட்கலாம், கிடைத்தாலும் பட்டியலில் உள்ள சில வேலைகள்தான்.

நானும் தமிழ் என்பதால் அவர் எல்லாவற்றையும் என்னிடம் கேட்கப் பார்த்தார். கேஸைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்க முடியாது. பதிவு பெறாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது இந்த நாட்டில் குற்றம், 1999ஆம் ஆண்டுச் சட்டம். "அதை லோயரிட்டக் கேளுங்கோ தங்கச்சி" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ. ஆனால் அறைக்கு வெளியே ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பட்டம் பெறாத லோயர்கள்தானே.

அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். "முதல் கேள்வி எந்த ஊர், ரெண்டாவது விசா என்ன மாதிரி. பதில் சொல்லிக் களைச்சுப் போனன் அக்கா." அவர் கதையை இன்னொருவருக்குச் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை. பிறகு எப்படி ஆட்களிடம் உதவி கேட்பது? அவரையே கேட்டேன்: ஆருக்கு எவ்வளவு சொல்லலாம்? யோசித்து, பள்ளிக்கூட வாசலில் தினமும் காணும் ஒரு குர்திஷ் தாயைக் காட்டினார். மற்றவர்களுக்கு "வீடு மாறப் போறம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

வீடு மாறுவது என்ற பேச்சு வந்ததே அவருக்கு விசா கிடைத்ததால். கடிதத்தைப் பார்த்து அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்த நேரத்து விதிப்படி, அகதி என்று ஏற்றுக்கொண்டால் அரசு தந்த வீடும் வாரக் காசும் 28 நாளில் நின்றுவிடும். 2024 டிசம்பரில் இதை 56 நாளாக்கிப் பார்த்தார்கள். இவரது கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது. அடுத்து வரவேண்டிய யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவிப் பணமோ, விண்ணப்பித்து முதல் காசு கைக்கு வரவே ஏறத்தாழ 5 வாரம். முற்பணம் தருவார்கள், ஆனால் அது கடன், பிறகு மாதாமாதம் வெட்டுவார்கள். விண்ணப்பிக்க வங்கிக் கணக்கும் வேண்டும். இதுவரை வாரக் காசை ஒரு கார்டில் போட்டதால் அவரிடம் கணக்கே இல்லை.

இங்கேதான் அந்தக் குர்திஷ் தாய் பெரிய ஆள். தானும் அதே வழியால் வந்தவர், எதை முதலில் செய்வது என்பது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. கடிதம் வந்த அன்றே கவுன்சிலில், அதாவது உள்ளூராட்சி மன்றத்தில், வீடில்லாதோர் பிரிவில் பதியச் சொன்னார். தன் போனை ஸ்பீக்கரில் போட்டு, காத்திருப்பு இசையைக் கேட்டபடி என் அறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இரவுச் சமையல் நிற்கக் கூடாதாம். ஒரு மத்தியானத்தை அப்படிக் கொடுப்பது பத்துப் பை உடுப்பைவிடப் பெரிது என்பது என் கட்சி.

கவுன்சில் முதலில் ஒரு விடுதி அறையில் போட்டது. பிள்ளைகள் உள்ள குடும்பத்தை அப்படியான இடத்தில் 6 வாரத்துக்கு மேல் வைத்திருக்க இங்கிலாந்தில் சட்டம் விடாது. விடுதி இரண்டு பஸ் தூரம். பிள்ளைகள் பாடசாலை மாறாமலிருக்க, அந்தப் பக்கத்தால் வேலைக்குப் போகும் ஒரு தகப்பன் காலையில் ஏற்றிவந்தார். பிள்ளைகளை இன்னொருவர் காரில் ஏற்ற எங்கள் பக்கம் எவ்வளவு பத்திரம் நிரப்பவேண்டும் என்று கேட்காதீர்கள்.

பிறகு குறைந்த வாடகைக்கு விடும் சமூக வீடு ஒன்று கிடைத்தது. சாவியை வாங்கித் திறந்தால் வெறும் சுவர். தரையில் சீமெந்து, அடுப்பில்லை, யன்னலுக்குத் திரையில்லை. பழைய வீட்டில் கட்டில் முதல் கரண்டி வரை எல்லாம் இருந்தன, ஆனால் அவை அந்த வீட்டுக்குரியவை, எடுத்துவர முடியாது. தரைவிரிப்புப் போடுவதைத் தொழிலாகச் செய்யும் ஒரு மாணவனின் தகப்பன் வெட்டி மிஞ்சிய துண்டுகளோடு வந்தார். பிள்ளைகளின் அறையில் பாதி நீலம், பாதி சாம்பல். எந்த நாடு, என்ன விசா என்று அவர் கேட்கவில்லை. கதவு உரசுகிறது, அடியைக் கொஞ்சம் சீவவேண்டும் என்றார்.

இப்போது எங்கள் பாடசாலையில், ஒரு தாய் அசைலம் நேர்முகத்துக்குப் போய்வந்தாலே நான் உதவிப் பட்டியலைத் தொடங்கிவிடுகிறேன்: யார் போனில் காத்திருப்பார், யாரிடம் வான் இருக்கிறது, யார் அடுப்பு மாற்றப்போகிறார். உடுப்புப் பைகளை நவம்பருக்குப் பிறகு வாங்குவதில்லை என்று வாசலில் எழுதி ஒட்டியும் இருக்கிறேன். ஆரும் வாசிப்பதாகத் தெரியவில்லை.